நன்மைகளை எண்ணும் மருத்துவம்: இணையவழித் தன்னுதவிப் பயிற்சிகள் குறித்து ஓர் இறையியல் திறனாய்வு

1. முன்னுரை

துயருறும் மனிதனுக்கு ஆறுதல் கூறுவது திருச்சபையின் தொன்மையான பணிகளுள் ஒன்றாகும். இன்று அப்பணியைத் திருச்சபைக்கு வெளியே பலர் மேற்கொண்டுள்ளனர். அவர்களுள் 'நேர்மறை உளவியல்' என்னும் துறையைச் சார்ந்தோர் குறிப்பிடத்தக்கவர்கள். மனச்சோர்வால் வருந்துவோர் தம் வீட்டிலிருந்தபடியே இணையத்தின் வாயிலாகக் கற்றுத் தாமே செய்துகொள்ளத்தக்க பயிற்சிகளை இவர்கள் வகுத்துள்ளனர். அன்றாடம் நிகழ்ந்த நன்மைகள் மூன்றை இரவில் எழுதிவைத்தல், நன்றி கூறத் தவறிய ஒருவருக்கு மடல் எழுதி அதை நேரில் சென்று வாசித்துக்காட்டுதல், தன்பால் அமைந்த நற்பண்புகளைக் கண்டறிந்து புதிய வழியில் பயன்படுத்துதல் ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை.

இவை நம் செவிக்குப் புதியவை அல்ல. நன்றி கூறுதலும் நன்மைகளை நினைவுகூர்தலும் நம் வழிபாட்டின் உயிர்நாடி. ஆதலால் குருமாருள் சிலர் இப்பயிற்சிகளை விரைந்து வரவேற்று, அருளுரைகளிலும் இளைஞர் கூட்டங்களிலும் பரிந்துரைக்கின்றனர். வேறு சிலர் இவற்றைக் கடவுளற்ற மகிழ்ச்சி என்று கூறி முற்றிலும் ஒதுக்குகின்றனர். இவ்விரு நிலைகளும் போதிய ஆய்வின்றி எழுந்தவை என்பது என் கருத்து. இப்பயிற்சிகள் எவ்வாறு தோன்றின, எவ்வளவு பயன் தந்துள்ளன, எவ்விடத்தில் குறைபடுகின்றன என்பவற்றை ஆராய்ந்து, ஆயர் பணியாற்றுவோர் இவற்றை எவ்வாறு மதிப்பிடலாம் எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாக்குதல் நலம். மனச்சோர்வு என்று இங்கே குறிப்பது அன்றாட வருத்தத்தை அன்று. இரண்டு வாரங்களோ அதற்கு மேலோ நீடிக்கும் துயரம், எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், களைப்பு, தன்னைத்தானே குற்றவாளியாகத் தீர்த்துக்கொள்ளும் எண்ணம், சில வேளைகளில் சாவைப் பற்றிய சிந்தனை ஆகியவற்றுள் பல ஒருங்கு சேர்ந்த நோயையே மருத்துவர் இப்பெயரால் சுட்டுகின்றனர். இவ்வேறுபாட்டை மறந்தால் நம் ஆய்வு முழுவதும் பிழைபடும்.

2. தோற்றமும் அமைப்பும்

நேர்மறை உளவியலின் தந்தை எனப் போற்றப்படுபவர் அமெரிக்காவிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் செலிக்மன். இவர் 1998-இல் அமெரிக்க உளவியலார் சங்கத்தின் தலைவராயிருந்தபோது, உளவியல் நோயையும் குறைபாட்டையுமே நெடுங்காலம் ஆராய்ந்து வந்துள்ளது. இனி மனிதனின் நற்பண்பு, நம்பிக்கை, மகிழ்ச்சி ஆகியவற்றையும் ஆராய வேண்டும் என்று அறைகூவினார். இக்குரலில் நியாயம் உண்டு. மனிதனை அவன் காயங்களைக் கொண்டு மட்டும் அளப்பது, அவனைக் கடவுளின் சாயலாகக் காணும் நமக்கும் ஏற்புடையது அன்று.

செலிக்மன், டிரேசி ஸ்டீன், நான்சூக் பார்க், கிறிஸ்டோபர் பீட்டர்சன் ஆகிய நால்வர் 2005-இல் வெளியிட்ட ஆய்வே இத்துறையின் இணையவழிப் பயிற்சிகளுக்கு அடித்தளமாயிற்று. ஓர் இணையத்தளத்திற்குத் தாமாக வந்தவர்களுள் 577 பேர் இதில் சேர்ந்தனர். இவர்கள் ஆறு குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஐந்து குழுவினருக்கு ஐந்து வகைப் பயிற்சிகள். ஆறாம் குழுவினருக்கு, ஒப்பிட்டுப் பார்க்கும் பொருட்டு, இளமைக்கால நினைவுகளை இரவுதோறும் எழுதும் பணி மட்டும். பயிற்சிக் காலம் ஒரு வாரமே. அதன்பின் ஆறு மாதங்கள் வரை அவர்களின் மகிழ்ச்சியும் சோர்வும் வினாத்தாள்களால் அளக்கப்பட்டன.

விளைவு வியப்புக்குரியது. மூன்று நன்மைகளை அவற்றின் காரணங்களோடு எழுதியோரும், தம் நற்பண்பைப் புதிய வழியில் பயன்படுத்தியோரும் ஆறு மாதங்கள் வரை மகிழ்ச்சி மிகுந்தும் சோர்வு குறைந்தும் காணப்பட்டனர். நன்றி மடலை நேரில் வாசித்தோரிடம் உடனடி மாற்றம் மிகப் பெரிதாயிருந்தது. ஆயினும் அது ஒரு மாதத்திற்குமேல் நெடுநாள் நிலைக்கவில்லை. ஒப்பீட்டுக் குழுவினரோ முதல் வாரத்தில் சற்றே மகிழ்ந்து, பின்னர்ப் பழைய நிலைக்கே திரும்பினர்.

3. சான்றுகளின் எடை

இவ்வாய்வைத் தொடர்ந்து இன்னும் துணிவான கூற்று ஒன்று எழுந்தது. 2006-இல் செலிக்மனும் அவர்தம் உடனாய்வாளரும் எழுதிய கட்டுரையில், இணையத்தளம் ஒன்றில் சேர்ந்த கடும் மனச்சோர்வுடையோர் 50 பேரைப் பற்றிய செய்தி வருகிறது. இவர்கள் மூன்று நன்மைகளை எழுதும் பயிற்சியைச் செய்து, சராசரியாக 15 நாள்களில் தளத்திற்குத் திரும்பினர். அப்போது அவர்களின் சோர்வு மதிப்பெண் சராசரி 33.9-இலிருந்து 16.9-ஆகக் குறைந்திருந்தது; 94 விழுக்காட்டினர் முன்னைவிட நலமாயிருந்தனர். இரண்டே வாரங்களில், மருத்துவரின்றி, மருந்தின்றி இத்தகைய மாற்றம் ஏற்படுமாயின் அது பெரும் பேறே.

ஆயினும் இங்கே நிதானம் வேண்டும். இவ்வைம்பதின்மரோடு ஒப்பிடப்பட்ட குழு எதுவுமில்லை. மனிதன் தன் துயரின் உச்சத்தில்தான் உதவி தேடி வருகிறான். உச்சத்திலிருந்து சிறிது இறங்குவது பலருக்கு இயல்பாகவே நிகழ்வது. மேலும், எண்ணிக்கையில் இடம்பெற்றவர் திரும்பி வந்தவர் மட்டுமே. இவ்விரண்டாம் செய்தியின் பொருளைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

2005-ஆம் ஆண்டின் ஆய்வை மீண்டும் செய்து பார்த்தவர்கள் அதே பலனைக் காணவில்லை. கனடா நாட்டில் மிரியம் மாங்ரெயினும் அன்செல்மோ-மேத்யூசும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவினருள் ஒரு சாராரை இனிய இளமை நினைவுகளை எழுதுமாறு பணித்தனர். பயிற்சி செய்தோர் மகிழ்ச்சி பெற்றது உண்மை. ஆனால் இனிய நினைவுகளை எழுதியோரும் அவ்வாறே பெற்றனர். மனச்சோர்வைக் குறைப்பதில் பயிற்சிகள் ஒப்பீட்டுக் குழுவினும் மேம்படவில்லை. ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியாப் பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட மறு ஆய்வும் இதே முடிவுக்கு வந்தது.

பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து நோக்கியவர்களின் முடிவையும் கேட்டல் முறை. 2013-இல் லிண்டா போலியர் குழுவினர் 39 ஆய்வுகளையும் அவற்றில் பங்குகொண்ட 6,139 பேரையும் ஆராய்ந்தனர். மனச்சோர்வின்மேல் இப்பயிற்சிகளின் விளைவு 0.23 என மதிப்பிட்டனர். இவ்வளவையில் 0.2 சிறிது, 0.5 நடுத்தரம், 0.8 பெரிது எனக் கொள்வது வழக்கம். 2009-இல் சின், லியுபோமிர்ஸ்கி ஆகியோர் தொகுத்த புகழ்பெற்ற ஆய்வை 2019-இல் ஒயிட், உட்டில், ஹோல்டர் ஆகியோர் மறுகணக்கிட்டனர். சிறு குழுக்களால் விளையும் மிகையைத் திருத்தியபின், நலவுணர்வின்மேல் விளைவு சிறிதாகவும், மனச்சோர்வின்மேல் அது ஏறக்குறைய இல்லாததாகவும் அவர்களுக்குத் தோன்றிற்று.

மறுபுறத்தையும் கூறாதிருப்பது நடுநிலை ஆகாது. நெதர்லாந்து நாட்டில் 'சைஃபிட்' என்னும் இணையவழித் தன்னுதவித் திட்டத்தை, இலேசான அல்லது மிதமான சோர்வுக் குறிகளுடைய 284 பேரிடம் சோதித்து 2013-இல் வெளியிட்டனர். அவர்களின் சோர்வு சிறிதளவேனும் குறைந்தது. மருத்துவரிடம் செல்ல நாணுவோருக்கும், பொருள் வசதியற்றோருக்கும், இரவு இரண்டு மணிக்கு உறக்கமின்றித் தவிப்போருக்கும் எட்டும் தொலைவில் ஒரு சிறு உதவி இருத்தல் நன்றே. ஆகவே நாம் கொள்ளத்தக்க முடிவு இதுவே: இலேசான சோர்வுடைய சிலருக்கு இப்பயிற்சிகள் சிறிது துணைசெய்கின்றன, கடும் மனச்சோர்வை இவை நீக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை.

4. எண்ணிக்கையில் விடுபட்டோர்

இதுவரை கூறியவை உளவியலாரே தம்முள் வழக்காடித் தீர்த்துக்கொள்ளத்தக்கவை. ஆயர் பணியாற்றும் நாம் கேட்கவேண்டிய வினா வேறொன்றும் உண்டு. 2005-ஆம் ஆண்டின் ஆய்வில் சேர்ந்தவர் 577 பேர். இறுதிவரை எல்லா வினாத்தாள்களையும் நிரப்பியவர் 411 பேர். எஞ்சிய 166 பேர் எங்கே சென்றனர்?

சிலர் நலமடைந்து சென்றிருக்கலாம்; சிலர் வேலைப் பளுவால் விட்டிருக்கலாம். ஆராய்ச்சி நூல்களின் அளவுகோலில் 71 விழுக்காட்டினர் எஞ்சியது குறையுடையதும் அன்று. ஆயினும் மனச்சோர்வு என்னும் நோயின் முதற்குறியே எதையும் தொடங்கவும் தொடரவும் இயலாமை அன்றோ? எழுதுகோலை எடுக்கும் வலிமையையே பறித்துக்கொள்ளும் நோய்க்கு, எழுதுவதே மருந்து என்று கொடுத்தால், மிகவும் நோயுற்றவனே முதலில் மருந்தை இழப்பான். இவன் வெளியேறுவதை எவரும் காண்பதில்லை. இணையத்தின் கதவு சாத்தப்படும் ஓசை எவர் செவியிலும் விழுவதில்லை.

இது நேர்மறை உளவியலுக்கு மட்டும் உரிய குறை அன்று. பிரிட்டனில் பொது மருத்துவர்களிடம் வந்த மனச்சோர்வுடையோர் 691 பேரிடம், சிந்தனையையும் நடத்தையையும் திருத்தும் முறையிலமைந்த இரண்டு கணிப்பொறித் திட்டங்களைச் சோதித்து 2015-இல் முடிவு வெளியிட்டனர். வழக்கமான மருத்துவத்தோடு இவற்றைச் சேர்த்ததால் கூடுதல் பயன் விளையவில்லை. காரணம் தேடுவது கடினமன்று. ஒரு திட்டத்தில் நடுத்தரமாக ஒருவர் நிறைவுசெய்த பாடங்கள் இரண்டு, மற்றதில் ஒன்றே. மருந்து தீயது என்பதைவிட, அதனை உட்கொள்ளும்வரை உடனிருக்க ஆளில்லை என்பதே உண்மை.

இன்னும் கவலைக்குரிய செய்தி ஒன்றுண்டு. செர்ஜென்ட், மாங்ரெயின் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட இணையவழி ஆய்வில், மனச்சோர்வுக்கு ஆளாகும் இயல்பு வகைகள் இரண்டை நோக்கினர். தம்மையே கடிந்துகொள்ளும் இயல்பினர் நன்றிப் பயிற்சியால் பயனடைந்தனர். பிறரின் அன்பைச் சார்ந்தே தம் மதிப்பை உணரும் இயல்பினரோ பயனடையவில்லை. அவர்களின் தன்மதிப்பு முன்னிலும் குறைந்தது. ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்குச் சுமையாகலாம் என்பதற்கு இது தக்க சான்று. ஆனால் இணையத்தில் அனைவருக்கும் ஒரே பயிற்சி அளிக்கப்படும்போது, இவ்வேறுபாட்டை அறிவோர் யார்?

என் ஆயர் பணியில் கண்ட ஒன்றை, உரியவரின் இசைவோடும் அடையாளம் மறைத்தும் கூறுகிறேன். எம் சபையைச் சார்ந்த ஆசிரியை ஒருவர், இரண்டாம் மகப்பேற்றுக்குப் பின் பல மாதங்கள் சோர்வுற்றிருந்தார். தோழி ஒருவரின் பரிந்துரையால் கைப்பேசியில் நாள்தோறும் மூன்று நன்மைகளை எழுதத் தொடங்கினார். முதல் ஐந்து நாள்கள் வழுவாது எழுதினார். ஆறாம் நாள் இவ்வாறு எழுதினார்: "என் பிள்ளைகள் நலமாயிருக்கிறார்கள். கணவர் அன்பாயிருக்கிறார். வீட்டில் உணவிருக்கிறது. இவ்வளவு இருந்தும் என் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. ஆகவே நான் நன்றிகெட்டவள்." ஏழாம் நாள் முதல் பக்கங்கள் வெறுமையாயின. பின்னர் மருத்துவரின் சிகிச்சையாலும் அவர் தாயாரின் இடைவிடாத துணையாலும் அவர் நலமடைந்தார். ஆனால் அவர் எழுதிய அவ்விறுதி வாக்கியத்தை நாம் எளிதில் கடந்துவிடலாகாது. நன்மைகளின் பட்டியல், அவர் கையில் அவருக்கு எதிரான குற்றப்பத்திரிகையாக மாறிவிட்டது. நோயின் குறியாகிய குற்றவுணர்வுக்குப் பயிற்சியே சான்றுகளைத் திரட்டிக் கொடுத்தது.

இவ்விடத்தில்தான் தன்னுதவி என்னும் சொல்லின் கூர்மை வெளிப்படுகிறது. நலம் பெற்றால் வெற்றி தன்னுடையது. நலம் பெறாவிடில் தோல்வியும் தன்னுடையது. மருத்துவனும் நோயாளியும் ஒருவனேயாகும்போது, தவறிய மருத்துவத்தின் பழியையும் நோயாளியே சுமக்கிறான். வேலையின்மை, கடன், சாதி இழிவு, குடும்ப வன்முறை ஆகிய புறக்காரணங்களால் ஒருவன் நசுங்கியிருப்பினும், இப்பயிற்சிகள் அவனை நோக்கி உள்ளே பார் என்றே கூறுகின்றன. அவனை நசுக்குகிறவர்களிடம் அவை ஒன்றும் கூறுவதில்லை.

5. திருச்சபையும் இக்குற்றத்திற்கு விலக்கன்று

இவ்வாறு குறைகூறும் உரிமை திருச்சபைக்கு எளிதில் கிடைப்பதன்று. துயருற்றவன்மேல் பழியைச் சுமத்தும் வழக்கம் நம் வீட்டிலும் நெடுங்காலமாக உண்டு. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத் துறவி எவாகிரியஸ், தனிமையில் வாழும் துறவியை நண்பகலில் தாக்கும் ஆழ்ந்த சலிப்பை 'அகெடியா' என்று பெயரிட்டு நுட்பமாக விளக்கினார். அவர் அதனைப் பொறுமையோடு போராடவேண்டிய சோதனையாகக் கண்டார். பின்னாளில் அது பெரும்பாவங்களின் பட்டியலில் இடம்பெற்றுச் சோம்பல் என்னும் பாவமாகச் சுருங்கிற்று. அகெடியாவும் இன்றைய மனச்சோர்வும் ஒன்றல்ல. ஆயினும் எழ இயலாதவனைச் சோம்பேறி என்றும், மகிழ இயலாதவனை விசுவாசமற்றவன் என்றும் கடிந்துகொள்ளும் மரபு இவ்வாறே வேரூன்றியது.

இருபதாம் நூற்றாண்டில் இம்மரபு வேறொரு வடிவம் பெற்றது. நியூயார்க் நகரின் மார்பிள் கொலிஜியேட் ஆலயத்தின் போதகர் நார்மன் வின்சென்ட் பீல், நேர்மறைச் சிந்தனையின் ஆற்றல் பற்றிய தம் நூலை 1952-இல் வெளியிட்டார். தோல்வி எண்ணத்தை மனத்திலிருந்து அகற்றி, வெற்றியை உருவகித்து, மறைவசனங்களைத் திரும்பத் திரும்பக் கூறினால் வாழ்வு மாறும் என்பது அதன் சாரம். அது பல இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. செலிக்மன் தம் துறை பீலின் வழியினின்று வேறுபட்டது, ஆய்வின்மேல் நிற்பது என்று வாதிடுகிறார்; அவ்வாதம் ஏற்கத்தக்கதே. ஆயினும் மக்கள் காதில் இவ்விரு குரல்களும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. இணையப் பயிற்சிகள் எழுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, நல்லெண்ணத்தால் நோயை வெல்லலாம் என்ற செய்தியை ஒரு புரொட்டஸ்டண்டுப் பிரசங்க மேடை உலகெங்கும் பரப்பியிருந்தது. இன்றும் நம் ஆலயங்களில் சாட்சி கூற அழைக்கப்படுவோர் நலமடைந்தோரே. நலமடையாதோர் சாட்சி கூற நமக்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை. ஆய்வாளரின் எண்ணிக்கையில் விடுபட்டோரை நாமும் விட்டுவிடுகிறோம்.

6. திருமறையின் நோக்கில் நன்றியும் புலம்பலும்

திருமறை நன்றியை எவ்வாறு காண்கிறது? எபிரேயத்தில் நன்றியைக் குறிக்கும் 'தோதா' என்னும் சொல், நன்றிப் பாடலையும் நன்றிப் பலியையும் குறிக்கிறது. அறிக்கையிடுதல் என்னும் பொருளும் அதற்குண்டு (யோசுவா 7:19). இங்கே இரண்டு செய்திகளை நோக்குதல் வேண்டும்.

முதலாவது, தோதா ஒருவரை நோக்கிக் கூறப்படுவது. நன்மை நிகழ்ந்தது என்பதைக் குறித்துவைப்பது மட்டும் அதுவன்று. நன்மை செய்தவரைப் பெயர்சொல்லி அழைப்பது. இணையப் பயிற்சியோ நன்மை ஏன் நிகழ்ந்தது என்று கேட்கிறது. யாருக்கு நன்றி கூறுவாய் என்று கேட்பதில்லை. இது சமயச் சார்பற்ற ஆய்வு என்பதால் அவ்வாறு அமைந்ததைக் குறைகூற இயலாது. ஆயினும் முகவரியற்ற நன்றி மீண்டும் எழுதியவனிடமே வந்து சேர்கிறது. 2005-ஆம் ஆண்டின் ஆய்வில் மிகப் பெரிய உடனடி மாற்றத்தை விளைவித்தது, ஒரு மனிதரின் முன் சென்று நின்று நன்றி கூறிய பயிற்சியே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இரண்டாவது, தோதா தனியே செய்து முடிக்கத்தக்கது அன்று. நன்றிப் பலியின் இறைச்சியை அன்றே உண்டுவிட வேண்டும், மறுநாள் காலைவரை எதையும் வைக்கலாகாது என்பது சட்டம் (லேவி. 7:15). ஒருவன் தன் குடும்பத்தோடு மட்டும் ஒரு மாட்டையோ ஆட்டையோ ஒரே நாளில் உண்டு தீர்க்க இயலாது. ஆகவே நன்றி கூற வந்தவன் பிறரை அழைத்தே ஆகவேண்டும். கைவிடப்பட்ட நிலையின் கதறலோடு தொடங்கும் 22-ஆம் சங்கீதம், சிறுமைப்பட்டோர் உண்டு நிறைவடையும் காட்சியைத் தன் இறுதிப் பகுதியில் காட்டுகிறது (சங். 22:26). நன்றி பந்தியாக விரிகிறது. இரவில் தனியறையில் எழுதப்படும் மூன்று வரிகளுக்கும் இப்பந்திக்கும் உள்ள தொலைவே நம் திறனாய்வின் மையம்.

மேலும், சங்கீதங்களில் மிகுதியானவை நன்றிப் பாடல்கள் அல்ல, புலம்பல்களே என்பதை ஹெர்மன் குங்கல் முதலான அறிஞர் காட்டியுள்ளனர். அவற்றுள் பெரும்பாலானவை புலம்பலில் தொடங்கிப் புகழ்ச்சியில் முடிகின்றன. 88-ஆம் சங்கீதமோ அவ்வாறு முடிவதில்லை. நண்பரும் அறிந்தவரும் விலகிய இருளிலேயே அது நின்றுவிடுகிறது. அதில் எண்ணிப் பார்க்க மூன்று நன்மைகள் இல்லை. எனினும் அதுவும் இறைவேண்டல் என ஏற்கப்பட்டு, இஸ்ரவேலின் பாட்டுப் புத்தகத்தில் இடம்பெற்றது. நன்மையைக் காண இயலாதவனுக்கும் சபையில் ஒரு பாடல் உண்டு என்பதே இதன் பொருள். மேற்கூறிய ஆசிரியை தம் ஆறாம் நாள் குறிப்பை எழுதியபோது, அவருக்குத் தேவைப்பட்டது இப்பாடல். அதனை அவருடன் சேர்ந்து பாட ஒரு சபை.

எலியாவின் வரலாறும் இங்கே கருதத்தக்கது (1 இரா. 19). சூரைச்செடியின்கீழ் அமர்ந்து சாவை வேண்டிய தீர்க்கதரிசியிடம், கர்மேலில் பெற்ற வெற்றியை நினைத்துப்பார் என்று தூதன் கூறவில்லை. அவனைத் தொட்டான், அப்பமும் நீரும் வைத்தான், மீண்டும் உறங்கவிட்டான், மீண்டும் வந்து தொட்டான். பயணம் அவன் வலிமைக்கு மிஞ்சியது என்பதை ஒப்புக்கொண்டான். நான் ஒருவனே எஞ்சினேன் என்று எலியா இருமுறை முறையிட்டபோது, அவனுக்குக் கிடைத்த விடையில் எலிசாவும் ஏழாயிரம் பேரும் இருந்தனர். தனிமையே நோயின் நடுவிலிருந்ததால், துணையே மருந்தின் நடுவில் வைக்கப்பட்டது.

7. 'தன்' என்பதும் 'ஒருவர் மற்றவர்' என்பதும்

இதே உண்மை செலிக்மனின் தொடக்ககால ஆய்விலும் மறைந்துள்ளது. 1967-இல் அவரும் ஸ்டீவன் மையரும், தப்பவியலாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பின்னர்த் தப்பும் வழி திறந்திருந்தும் முயலாது கிடந்ததைக் கண்டனர். இதனைக் 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்று அழைத்தனர். மனச்சோர்வுக்கு இது ஓர் ஒப்புமையாயிற்று. அந்நாய்களை மீட்டது எது? கழுத்தில் கயிறு கட்டி, ஆய்வாளர் தம் கையால் அவற்றைத் தடைக்கு அப்பால் மீண்டும் மீண்டும் இழுத்துச் சென்றபின், அவை தாமே தப்பக் கற்றன. 2016-இல் இவ்விருவரும் தம் கொள்கையைத் திருத்தி எழுதினர்: நீடித்த துன்பத்தில் செயலற்றுப்போவது உயிரின் இயல்பு, கற்றுக்கொள்ளப்படுவது கையறுநிலை அன்று, தன் செயலால் பயனுண்டு என்னும் உணர்வே. அவ்வாறாயின் அதனைக் கற்பிக்க மற்றொரு கை தேவையன்றோ? நேர்மறை உளவியலின் முன்னோடிகளுள் ஒருவரான பீட்டர்சன், தம் துறை கண்ட உண்மையைச் சுருங்கக் கூறுமாறு கேட்டால், பிற மனிதரே முக்கியம் என்னும் கருத்தையே கூறிவந்தார். அவர் பங்குகொண்ட ஆய்வின் வழியில் எழுந்த பயிற்சிகள் தனிமையில் செய்யும் வடிவம் பெற்றது முரண்பாடே.

இணையவழிச் சிகிச்சைகளை ஆராய்ந்தோரும் இதற்கு இசைவான முடிவையே கண்டனர். எய்ரினி கரியோட்டாகி குழுவினர் 2021-இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, இலேசான சோர்வுடையோருக்கு வழிகாட்டி உள்ளதும் இல்லாததும் பெரிதும் வேறுபடுவதில்லை. மிதமான, கடுமையான சோர்வுடையோருக்கோ வழிகாட்டும் மனிதர் உடனிருப்பது கூடுதல் பயன் தருகிறது.

நம் நாட்டிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வுடையோர் 495 பேரிடம் விக்ரம் பட்டேல் குழுவினர் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. மருத்துவப் பட்டமோ உளவியல் பட்டமோ இல்லாத, ஆனால் முறையாகப் பயிற்றப்பட்ட உள்ளூர் ஆலோசகர்கள், நோயாளியைச் சுகாதார நிலையத்திலோ வீட்டிலோ சந்தித்துச் சில அமர்வுகள் உடனிருந்தனர். மூன்று மாதங்களில், இத்துணையைப் பெற்றோருள் 64 விழுக்காட்டினரும், பெறாதோருள் 39 விழுக்காட்டினரும் நோயின் பிடியினின்று விடுபட்டிருந்தனர். கதவைத் தட்டி உள்ளே வந்து அமர ஒருவர் இருந்ததே இவ்வேறுபாட்டில் பெரும்பங்கு வகித்தது என்று கருத இடமுண்டு. 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, நம் நாட்டில் மனநோயுற்றோருள் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதிருந்ததைக் காட்டியது. இந்நிலையில் பயிற்றப்பட்ட எளிய மனிதரின் உடனிருப்பு எத்துணை விலையுயர்ந்தது என்பதை விளக்கவேண்டுவதில்லை.

இவ்விடத்தில் கலாத்தியர் 6-ஆம் அதிகாரம் நமக்கு உதவுகிறது. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்குமாறு பவுல் 2-ஆம் வசனத்தில் பணிக்கிறார். 5-ஆம் வசனத்தில் அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறார். தமிழ்த் திருப்புதலில் ஒரே சொல்லாகத் தோன்றினும் கிரேக்கத்தில் சொற்கள் இரண்டு. முன்னது 'பாரோஸ்', அழுத்தும் பெருஞ்சுமை. பின்னது 'ஃபோர்தியோன்', ஒவ்வொருவரும் எடுத்துச் செல்லும் தன் மூட்டை. சொல் வேறுபாட்டை அளவுக்கு மீறி வற்புறுத்த வேண்டுவதில்லை. ஆயினும் பவுலின் கருத்து தெளிவு. தன் மூட்டையைத் தானே தூக்குவதற்குப் பயிற்சி உதவலாம். அது தன்னுதவியின் நியாயமான எல்லை. மனச்சோர்வு பெருஞ்சுமை. அதனை ஒருவன் தனியே தூக்குமாறு விடுவது கிறிஸ்துவின் சட்டத்திற்கு இசைந்ததன்று.

8. ஆயர் பணிக்குச் சில முடிவுகள்

மேற்கண்டவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க நடைமுறை முடிவுகள் சில.

(அ) இலேசான சோர்வுடையோர் இப்பயிற்சிகளைச் செய்ய விரும்பின் தடுக்கவேண்டுவதில்லை. ஆனால் தனியே செய்யவிடாது, வாரம் ஒருமுறையேனும் கேட்டறிவோர் ஒருவரை உடனமர்த்துக. எழுதியவற்றோடு எழுத இயலாதவற்றையும் அவர் கேட்கட்டும்.

(ஆ) கடும் சோர்வின் குறிகளைக் கண்டால் பயிற்சியையோ உபவாசத்தையோ பரிந்துரைத்துக் காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் அனுப்புக. இயன்றால் உடன் செல்க. சாவைப் பற்றிப் பேசுவோரைத் தனியே விடலாகாது. 2022-இல் மைய அரசு தொடங்கிய 'டெலிமானஸ்' தொலைபேசி உதவியின் எண் 14416 ஒவ்வோர் ஆலய அறிவிப்புப் பலகையிலும் இருத்தல் நன்று. மருந்து உட்கொள்வது விசுவாசக் குறைவன்று என்பதை மேடையிலிருந்து வெளிப்படையாகக் கூறுக.

(இ) ஞாயிறு வழிபாட்டில் புலம்பல் சங்கீதங்களுக்கு உரிய இடம் தருக. புகழ்ச்சியில் முடியாத வேண்டலும் வேண்டலே என்பதைச் சபை கேட்டுப் பழகட்டும்.

(ஈ) இறையியல் மாணவர்க்கு ஆயர் ஆலோசனைப் பாடம் வகுப்பறையோடு நில்லாது, நோயாளியின் அருகில் அமரும் பயிற்சியாக அமைதல் வேண்டும். 1920-இல் தாமே மனநோயுற்று மருத்துவமனையில் கிடந்த ஆன்ட்டன் பாய்சன் என்னும் அமெரிக்கப் போதகர், 1925-இல் உஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவரை நோயாளிகளிடையே பயிற்றத் தொடங்கினார். நூல்களைக் கற்பதுபோல் துன்புறும் மனிதரையும் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அக்கொள்கை தேய்ந்துவிடவில்லை.

9. முடிவுரை

நேர்மறை உளவியலார் நன்மைகளை எண்ணக் கற்பித்தனர். அதற்காக அவர்களுக்கு நன்றி கூறுவோம், அளவோடு பயன்படுத்துவோம். ஆயினும் நம் ஆண்டவர் கூறிய உவமையில் மேய்ப்பன் எண்ணியது தன்னிடமிருந்த நன்மைகளை அன்று. தொண்ணூற்றொன்பது ஆடுகள் நலமாயிருந்தது நல்ல விழுக்காடே. அதனால் அவன் அமைதியடையவில்லை. எண்ணிக்கையில் குறைந்த ஒன்றைத் தேடிப் புறப்பட்டான்; கண்டபின் அதனை நடக்கவிடாது தோளில் சுமந்து வந்தான் (லூக். 15:4-6). கடந்த சில மாதங்களாக ஆலயத்திற்கு வாராதோர் யார், வந்தும் பேசாதிருப்போர் யார் என்று ஒவ்வோர் ஆயரும் தம் சபைப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பாராக. அப்பெயர்களுள் சிலவற்றின் பின்னே, ஆறாம் நாளோடு நின்றுபோன ஓர் ஏடு இருக்கலாம்.